பல்லின் அமில அரிப்பை ஃப்ளூரைடு வார்னிஷ் தடுக்குமா?

கேட்டவர் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: மேல் முன்பற்களின் விளிம்பு மெலிந்து கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. பரிசோதித்த பல் மருத்துவர், சொத்தை எதுவும் இல்லை, இது அமில அரிப்பு என்று சொல்லி ஃப்ளூரைடு வார்னிஷ் பூசலாம் என்றிருக்கிறார். அதைப் பூசினால் எனாமல் (பல்லின் கடினமான வெளி அடுக்கு) மறுபடி வளருமா, எத்தனை மாதத்துக்குத் தாங்கும், வாங்கி வந்து வீட்டிலேயே பூசிக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: சொத்தைக்கு நன்றாக வேலை செய்யும் ஒரு பூச்சு, அமில அரிப்புக்கும் அதே அளவு வேலை செய்யுமா? அது விளங்கிவிட்டால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். போன எனாமல் திரும்பாது. எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எந்தப் பூச்சும் எந்தப் பற்பசையும் அதை வளர்க்க முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. கூச்சத்தை வார்னிஷ் பெரும்பாலும் நன்றாகவே குறைக்கும். இனி வரும் அரிப்பை ஓரளவு தாமதப்படுத்தும், ஆனால் அமிலம் தினமும் வந்துகொண்டே இருந்தால் அது தோற்றுப்போகும். வீட்டில் வைத்துப் பூசும் பொருள் அது அல்ல. ஏன் என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறேன்.

சொத்தை, அரிப்பு இரண்டுமே அமிலத்தால் வருபவைதான். அமிலம் எங்கிருந்து வருகிறது, பல்லை எப்படித் தின்கிறது என்பதில்தான் வித்தியாசம். சொத்தையில், பல்லில் ஒட்டிய அழுக்குப் படலத்தில் குடியிருக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகிறது. அந்த அமிலம் அவ்வளவு கடுமையானதல்ல. படலத்துக்கு அடியில் மெதுவாக ஊறி உள்ளே இறங்குகிறது. மேல்பரப்பு பெரும்பாலும் அப்படியே நிற்க, அதற்குக் கீழே தாது கரைகிறது. பல்லில் சுண்ணாம்பு தடவியது போலத் தெரியும் வெள்ளைத் திட்டு இந்தக் கட்டம்தான். உள்ளே எனாமலின் கட்டமைப்பு இன்னும் நின்றுகொண்டிருப்பதால், எச்சிலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் ஃப்ளூரைடும் வந்து மறுபடி படிய அங்கே இடம் இருக்கிறது.

அமில அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. பானம், பழச்சாறு, மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரை, அல்லது வயிற்றிலிருந்து மேலேறி வரும் இரைப்பை அமிலம் நேராக வந்து பல்லின் மேல் விழுகிறது. மேல்பரப்பு ஒரு சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மெதுமெதுவென்று ஆகிவிடுகிறது. அந்த அடுக்கு பிரஷ்ஷிலும் நாக்கின் உரசலிலும் மெல்லும்போதும் வழிந்து போய்விடுகிறது. கட்டமைப்பே போய்விட்ட இடத்தில் தாது வந்தாலும் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. சரிசெய்ய முடியும் என்று சொல்லக்கூடியது அந்த மென்மையாகிவிட்ட அடுக்கை மட்டும்தான், அதுவும் அது உதிர்வதற்கு முன்பு. வேடிக்கை என்னவென்றால், பல்லை மிகச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு அரிப்பு குறைவாக வரும் என்று சொல்ல முடியாது. அழுக்குப் படலம் இல்லாத வழவழப்பான பல்லில் அமிலம் தடையில்லாமல் படும்.

பி.எச். (அமிலத்தன்மையைச் சொல்லும் எண், குறையக் குறைய அமிலம் கடுமை) கணக்கை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வார்னிஷின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. எச்சில் சூழலில் எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய பி.எச். 5.5. எனாமலில் ஃப்ளூரைடு சேர்ந்து ஃப்ளூரபடைட் ஆகிவிட்டால் அந்த எல்லை 4.5 அளவுக்கு இறங்குகிறது. சொத்தை அமிலம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடமாடுவது. அதனால்தான் ஃப்ளூரைடு அங்கே ஜெயிக்கிறது. கோலா பானங்களின் பி.எச். சுமார் 2.5. எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5. இரைப்பை அமிலம் 1 முதல் 2. பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள், 4.5 வரை தாங்கும் பல் 2.5க்கு முன்னால் எம்மாத்திரம்? எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் உள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் குணமும் உள்ளது, அதனால் பி.எச். எண் காட்டுவதைவிடக் கூடுதலாகவே சேதம் செய்கிறது.

ஆனால் பி.எச். மட்டுமே எல்லாம் அல்ல. தயிரின் பி.எச். ஏறக்குறைய 4, ஆனாலும் தயிர் பல்லை அரிப்பதில்லை. கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து எடுக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. புளிப்பாக இருப்பதெல்லாம் பல்லுக்குக் கேடு என்று எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி வார்னிஷ். இன்று பரவலாக உள்ளது 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ். அதில் ஃப்ளூரைடு மட்டும் 2.26 சதவீதம், அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வழக்கமான பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம்தான். பைன் மரப் பிசினை எத்தனாலில் கரைத்த கூழில் இந்த உப்பு நுண்ணிய தூளாகக் கலந்திருக்கிறது. எச்சில் பட்டதும் பிசின் இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மணிக்கணக்கில் அங்கேயே இருந்து ஃப்ளூரைடைக் கசியவிடுகிறது. 1964இல் ட்யூராஃபாட் என்ற பெயரில் ஐரோப்பாவில் முதல் வார்னிஷ் வந்தபோது நோக்கம் இதுதான்: கரைசலாகவோ கொப்பளிப்பாகவோ கொடுத்தால் சில நிமிடங்களில் எச்சிலோடு போய்விடும் ஃப்ளூரைடைப் பல்லோடு அதிக நேரம் ஒட்டவைப்பது.

அப்படிக் கசியும் ஃப்ளூரைடு என்ன செய்கிறது? இவ்வளவு அடர்த்தியில் ஃப்ளூரைடு பல்லைத் தொடும்போது, பல்லிலும் எச்சிலிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஃப்ளூரைடு போன்ற ஒரு பொருள் சிறுசிறு உருண்டைகளாகப் பல்லின் மேல் படிகிறது. சொத்தை விஷயத்தில் இது ஒரு சேமிப்புக் கிடங்கு. பாக்டீரியா அமிலம் சுரந்து பி.எச். இறங்கும்போதெல்லாம் உருண்டைகள் கொஞ்சம் கரைந்து ஃப்ளூரைடை விடுவிக்கின்றன. அது பக்கத்திலேயே உள்ள எனாமலில் போய்ச் சேர்கிறது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாவதால் கிடங்கு வாரக்கணக்கில் நீடிக்கிறது. அமில அரிப்பிலும் இதே உருண்டைகள்தான் முன்னால் நிற்கின்றன. ஆனால் வருவது பி.எச். 2.5 உள்ள பானம். எனாமலுக்குப் பதிலாக முதலில் அவை கரைகின்றன. அந்த ஓரிரு தாக்குதலுக்குப் பல் தப்பிக்கிறது. அதன் பிறகு கிடங்கு காலி. விடுபட்ட ஃப்ளூரைடும் அங்கே தங்காமல் பானத்தோடு அடித்துக்கொண்டு போகிறது. கவசம் என்பதைவிட, முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய அடுக்கு என்று நினைத்துக்கொண்டால் எதிர்பார்ப்பு சரியான அளவில் இருக்கும்.

ஆய்வகச் சோதனைகளைப் படித்தவர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள். வார்னிஷ் பூசிய பல் துண்டை அமிலத்தில் போட்டால் அரிப்பு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகளில் பலவற்றில் பிசின் படலம் பல் துண்டின் மேல் அப்படியே இருக்கிறது. படலம் இருக்கும்வரை அமிலம் பல்லைத் தொடவே முடியாது. ஃப்ளூரைடே இல்லாத வெறும் பிசினைப் பூசிய துண்டுகளும் ஓரளவு பாதுகாக்கப்பட்டிருப்பதை இதே வகைச் சோதனைகளில் பார்க்கலாம். வாய்க்குள் அந்தப் படலம் சாப்பாடு, நாக்கு, பிரஷ் எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாள் நின்றாலே பெரிது. ஆகவே எந்த ஆய்வைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: அமிலத்தில் வைக்கும் முன் வார்னிஷைச் சுரண்டி எடுத்தார்களா, பிரஷ் உரசலையும் சேர்த்துச் சோதித்தார்களா. இரண்டும் இல்லாவிட்டால் அந்த எண்ணை அப்படியே உங்கள் வாய்க்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வதானால்: சொத்தையைத் தடுப்பதில் வார்னிஷ் பலன் தரும் என்பது உறுதி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு, நிலைப்பற்களில் சராசரியாக 43 சதவீதமும் பால்பற்களில் 37 சதவீதமும் சொத்தை குறைவதைக் காட்டியது. வேர்ப்பகுதியிலோ தேய்ந்த இடத்திலோ டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு) வெளியே தெரிவதால் வரும் கூச்சத்தை அது தணிக்கும் என்பதும் நெடுநாள் அனுபவத்தில் நிலைபெற்றது. டென்டினில் உள்ள நுண்குழாய்களின் வாயைப் பிசினும் உருண்டைகளும் அடைத்துக்கொள்வதால் குளிர்ச்சி நரம்புவரை போய்ச் சேர்வதில்லை. அந்த அடைப்பும் நிரந்தரமல்ல. சில வாரங்களிலோ மாதங்களிலோ கூச்சம் திரும்பி வரலாம், மறுபடி பூசலாம். அமில அரிப்பைப் பொறுத்தவரை, குறுகிய காலத்துக்கு ஓரளவு காப்பு உண்டு என்பதுவரைதான் தைரியமாகச் சொல்ல முடியும். சொத்தைக்குச் செய்ததுபோல, உண்மையான வாய்களில் வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்து நிலைநாட்டிய கணக்கு இதற்கு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்வதெல்லாம் சொத்தையிலிருந்து கடன் வாங்கிய இடைவெளி. தவறில்லை, ஆனால் அரிப்புக்கென்று அளந்து தைத்த சட்டை அல்ல அது.

அரிப்பை எதிர்ப்பதில் சோடியம் ஃப்ளூரைடைவிட வெள்ளீயம் சேர்ந்த ஃப்ளூரைடு மேலானது என்பதில் இன்று ஓரளவு ஒருமித்த கருத்து இருக்கிறது. பற்பசை உறையில் ஸ்டானஸ் ஃப்ளூரைடு என்றோ ஸ்டானஸ் குளோரைடு என்றோ இருக்கும். வெள்ளீயம் எனாமலின் மேல்பரப்பில் படிந்தும் உள்ளே புகுந்தும், அமிலத்தில் எளிதில் கரையாத ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. அது தினமும் இரண்டு வேளை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் முக்கியம். வருடத்துக்கு இரண்டு முறை பூசும் பொருளைவிட, தினமும் வரும் எதிரிக்குத் தினமும் வரும் காவலாளே பொருத்தம். குறை இல்லாமல் இல்லை: சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் துவர்ப்பும் உலோகச் சுவையும் தெரியும். கறை மேலோட்டமானது, மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், வார்னிஷைவிட இந்தப் பற்பசையைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். டைட்டானியம் டெட்ராஃப்ளூரைடு பற்றியும் ஆய்வுகள் பேசுகின்றன. அதன் கரைசல் தானே கடும் அமிலம் என்பதால் அது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

வார்னிஷ் பூசும் முறையில் பிழை செய்தால் கிடைக்கவேண்டிய கொஞ்சப் பலனும் கிடைக்காது. ஒரு வேளைக்கான சிறு குப்பியைத் திறந்ததும் அதை அப்படியே தொட்டுப் பூசக் கூடாது. ஃப்ளூரைடு உப்பு பிசினில் கரைந்திருப்பதில்லை, மிதந்துகொண்டிருக்கிறது. அலமாரியில் இருந்த நாட்களில் அடியில் போய்ப் படிந்திருக்கும். தூரிகையின் நுனியால் அடிவரை கலக்கி, நிறமும் பதமும் சீரானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கலக்காமல் எடுத்தால் முதல் பற்களுக்கு வெறும் பிசினும் கடைசிப் பற்களுக்கு உப்புக் குழம்பும் போய்ச் சேரும். குழாயில் வருவதென்றால் சீராகும்வரை பிசைந்துவிட்டு அழுத்த வேண்டும். அரித்த பற்களை வார்னிஷுக்கு முன்னால் நுரைக்கல் தூள் போன்ற கரடான பசை வைத்துச் சுழலும் ரப்பர்க் கிண்ணத்தால் தேய்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே மெலிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எடுக்கிறோம் என்றுதான் ஆகும். மென்மையான பிரஷ்ஷால் அழுக்கைத் துடைத்தாலே போதும்.

அடுத்து, பஞ்சு உருளைகளை வைத்து எச்சிலை ஒதுக்கி, மெல்லிய பஞ்சுத் துணியாலோ லேசான காற்றாலோ பல்லைத் துடைக்கிறார்கள். எலும்பு போல உலர்த்தத் தேவையில்லை. வார்னிஷ் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். பல்லின் மேல் எச்சில் குளமாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான். கீழ்த்தாடையை முதலில் முடிப்பது நல்லது; எச்சில் சீக்கிரம் தேங்குவது அங்கேதான். தூரிகையில் தொட்டுப் பல்லின் மேல் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக இழுக்க வேண்டும். நிறைய பூசினால் நிறைய பலன் என்று நினைத்துக் கட்டியாகத் தடவுவது பொதுவான தவறு. கட்டியாக இருக்கும் இடம் உள்ளே இறுகாமல், முதல் கவளத்திலேயே நூல்நூலாகப் பெயர்ந்து வரும். படலம் மெல்லியதாக இருந்தால்தான் பல்லோடு ஒட்டி நிற்கும். எந்தப் பக்கம் பூசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வயிற்று அமிலம் காரணமென்றால் அரிப்பு மேல் முன்பற்களின் உள்பக்கத்தில், அண்ணத்தை நோக்கிய பரப்பில் இருக்கும். அவசரத்தில் வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று பூசிவிட்டு உள்பக்கத்தை விட்டுவிட்டால் மருந்து இருக்கும் இடம் வேறு, நோய் இருக்கும் இடம் வேறு.

பூசிய பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் கடினமானதை மெல்லக் கூடாது, பல் துலக்கக் கூடாது. மறுநாள் காலைவரை துலக்காமல் விட்டால் இன்னும் நல்லது. சூடான பானம் பிசினை இளக்கும், ஆல்கஹால் உள்ள வாய்க்கொப்பளிப்பான் பிசினைக் கரைக்கும். அன்றைக்கு இரண்டும் வேண்டாம். பிசின் நிறத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் பதற வேண்டாம், துலக்கியதும் போய்விடும். வெள்ளையாகவும் நிறமில்லாமலும் வருபவை உண்டு. மாலையில், சாப்பிட்டு முடித்தபின் பூசிக்கொள்ளும்படி நேரம் வாங்கினால் இரவு முழுக்கப் படலம் கலையாமல் இருக்கும். இரவில் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இதில் தனி லாபம்.

வீட்டில் பூசலாமா என்ற கேள்விக்கு எண்கள் பதில் சொல்லும். 5 சதவீத வார்னிஷ் ஒரு மில்லியில் ஏறக்குறைய 22.6 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. பால்பற்கள் மட்டும் உள்ள குழந்தைக்கு 0.25 மில்லி, பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்த வயதில் 0.4 மில்லி, பெரியவர்களுக்கு 0.75 மில்லி என்பதுதான் வழக்கமான அதிகபட்ச அளவு. 0.25 மில்லியில் இருப்பது 6 மில்லிகிராமுக்கும் குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ளே போனால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அபாய எல்லை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 50 மில்லிகிராம். ஆக, அளந்து பூசும்போது பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 10 மில்லி குழாய் ஒன்றில் 226 மில்லிகிராம் இருக்கிறது. அதை அலமாரியில் வைத்துவிட்டு, இனிப்பு வாசனையோடு இருக்கும் அந்தக் குழாய் குழந்தை கையில் கிடைப்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, யாருக்குப் பூசக் கூடாது என்று கேட்டறிய ஆள் வேண்டும்: பைன் பிசின் ஒவ்வாமை உள்ளவர்கள் (ஒட்டும் பிளாஸ்திரி போட்ட இடம் தடித்துச் சிவப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரவேண்டும்), கடும் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள், ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் உள்ளவர்கள்.

அமிலம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பூசும் வார்னிஷ், ஒழுகும் கூரைக்குக் கீழே தரையைத் துடைப்பது போல. ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து நீங்களே பாருங்கள். மேல் முன்பற்களின் வெளிப்பரப்பில் நுண்வரிகள் மறைந்து பட்டுப்போல மினுமினுத்தால் பானம், பழம் பக்கம் சந்தேகம் போகும். உள்பரப்பு குழிந்து, ஈறோரம் மட்டும் எனாமல் ஒரு மெல்லிய கரைபோல எஞ்சியிருந்தால் வயிற்று அமிலம். கீழ்க் கடைவாய்ப்பற்களின் முனைகளில் சின்னக் கிண்ணம்போலக் குழி விழுந்து நடுவில் மஞ்சள் டென்டின் தெரிவது இரண்டிலும் வரும். அடைத்த பல்லில் அடைப்பு மட்டும் தீவுபோல உயர்ந்து நின்றால், சுற்றிலும் பல் கரைந்துவிட்டது என்று பொருள். அடைப்புப் பொருளை அமிலம் அவ்வளவாகத் தொடுவதில்லை. இவை குறிப்புகள்தான், தீர்ப்பல்ல. பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் விளிம்பு மெலியும், பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். கேட்டவருடைய பல்லை நேரில் பார்க்காமல் இன்னதுதான் காரணம் என்று சொல்வது சரியாகாது. நெஞ்செரிச்சலே தெரியாமல் எதுக்களிப்பு உள்ளவர்கள் நிறைய. காலையில் வாயில் புளிப்பு, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, படுத்தால் இருமல் என்று இருந்தால் வயிற்றுக்கான மருத்துவரிடமும் காட்ட வேண்டும். வாயை உலர்த்தும் மருந்துகளையும் மறந்துவிடாதீர்கள்: ஒவ்வாமை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள். எச்சில் குறைந்தால் அமிலத்தைக் கழுவவும் சமன்செய்யவும் ஆளில்லை.

பானத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. ஒரு குவளையைச் சாப்பாட்டோடு ஐந்து நிமிடத்தில் குடித்து முடிப்பதும், அதே குவளையை மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதும் பல்லுக்கு ஒன்றல்ல. வாயில் வைத்து அலசிவிட்டு விழுங்கும் பழக்கம் எல்லாவற்றிலும் மோசம். உறிஞ்சுகுழல் உதவும், ஆனால் அதன் நுனி நாக்கின் பின்பகுதிக்குப் போக வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால் வைத்து உறிஞ்சினால் அதே பல்லின் மேல் பீய்ச்சியடித்ததாகிவிடும். வாந்தி எடுத்தாலோ அமிலம் மேலேறினாலோ உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளியுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்.

அமிலம் பட்டபின் அரை மணி நேரம் கழித்துத்தான் துலக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை பற்றி ஒரு வார்த்தை. உடனே துலக்கக் கூடாது என்பதில் தகராறு இல்லை. ஆனால் மென்மையாகிவிட்ட எனாமல் அரை மணியில் மறுபடி கெட்டியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு வாய்க்குள் வைத்துச் செய்த சோதனைகள் பெரிதாக ஆதரவு தரவில்லை. எச்சில் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. காலையில் பழச்சாறு குடிப்பவர் குடிப்பதற்கு முன்பே துலக்கிவிடுவது இந்தச் சிக்கலையே இல்லாமல் ஆக்கும். மென்மையான பிரஷ், லேசான அழுத்தம், வெண்மையாக்கும் என்று சொல்லும் கரடான பசைகளுக்கு விடுமுறை. பசையின் உராய்வுத் திறனை ஆர்.டி.ஏ. என்ற எண்ணில் சொல்வார்கள். அனுமதிக்கப்பட்ட உச்சம் 250. அரித்த பல்லுக்கு அது 70, 80ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. எண் உறையில் இருக்காது. தயாரிப்பாளரின் விவரங்களில் தேட வேண்டும் அல்லது மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வார்னிஷ் பலன் தருகிறதா என்பதைக் கூச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூச்சம் குறைந்தும் அரிப்பு நடந்துகொண்டிருக்கலாம். மருத்துவர்களிடம் 2008 முதல் புழக்கத்தில் உள்ள பி.இ.டபிள்யூ.இ. என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதிகம் பாதித்த பரப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்: மேல்பரப்பின் தன்மை மட்டும் மாறியிருந்தால் 1, தெளிவான இழப்பு பாதிப் பரப்புக்குள் இருந்தால் 2, பாதியோ அதற்கு மேலோ என்றால் 3. கூட்டுத்தொகை 18க்கு. 9ஐத் தொட்டால் ஃப்ளூரைடு முதலிய காப்பு முயற்சிகளில் தீவிரம் காட்ட வேண்டும், 14ஐத் தொட்டால் அபாயம் அதிகம். முதல் நாளிலேயே இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம், பல்லின் அச்சு அல்லது ஸ்கேன் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் ஏறவில்லை என்றால் செய்துகொண்டிருப்பது போதும். ஏறினால் வார்னிஷின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் அமிலத்தின் மூலத்தை மறுபடி தேட வேண்டும்.

எனாமல் போய் டென்டின் பரவலாக வெளியே வந்துவிட்ட இடங்களில் வார்னிஷை மட்டும் நம்பி நாளைக் கடத்துவதில் பொருளில்லை. டென்டின் எனாமலைவிட மென்மையானது, பி.எச். 6க்கு மேலேயே கரையத் தொடங்குவது. அங்கே ஒளியால் இறுகும் பிசின் பூச்சு ஒன்றைப் போடலாம். அது வார்னிஷைவிட வெகுநாள், சில மாதங்கள் நிற்கும், தேய்ந்தால் மறுபடி போடலாம். விளிம்பு உடையத் தொடங்கியிருந்தால் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் இழந்த வடிவத்தைக் கட்டிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் பல்லை ராவாமலே செய்யக்கூடிய வேலை. அப்படி ஒட்டவைக்கும் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டால், அதற்கு முந்தைய நாட்களில் வார்னிஷ் பூசிக்கொள்ளாதீர்கள். பிசின் மிச்சம் பல்லில் இருந்தால் காம்போசிட் சரியாகப் பிடிக்காது. கட்டி முடித்த பிறகு, மீதிப் பற்களுக்குப் பூசிக்கொள்ளலாம்.